டிஜிட்டல் லாக்கரா, பழைய இரும்புப்பெட்டியா? பூட்டு உண்மையில் எவ்வளவு தாங்கும்?

கடைவீதி_கண்ணன்

வணக்கம். கும்பகோணம் பக்கம் சின்ன நகைக்கடை வைத்திருக்கிறோம், அடகும் உண்டு. பின்னறையில் தாத்தா காலத்து இரும்புப்பெட்டி இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு டிஜிட்டல் லாக்கர் வாங்க வேண்டும் என்று மகன் ஒரே பிடியாக நிற்கிறான். போன வாரம் விற்பனைக்காரர் ஒருவர் மாதிரிப் பெட்டியோடு வந்தார். கைரேகை, நம்பர் பேட், போனில் ஆப், மூன்று முறை தப்பாக அடித்தால் அலாரம். "ஆறு இலக்கம் சார், பத்து லட்சம் காம்பினேஷன், பிரம்மாவே வந்தாலும் திறக்க முடியாது" என்றார். அந்தப் பெட்டியை அவர் ஸ்கூட்டரின் முன்னால் வைத்துத்தான் கொண்டுவந்தார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்தக் காலத்துப் பூட்டுகள் நிஜமாகவே எவ்வளவு உறுதி? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விளம்பர இணைப்பு போடுகிறவர்கள் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள்.

வெட்டிப்பேச்சு_வேலு

ஸ்கூட்டரில் வந்த பெட்டி ஸ்கூட்டரிலேயே போய்விடும். வீட்டுக்குக் கொண்டுபோய் டீ குடித்துக்கொண்டே உடைப்பான். எந்த பிரம்மாவும் வேண்டாம்.

சாலிடர்_சுந்தர்

எலெக்ட்ரானிக்ஸ் என் பிழைப்பு என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து லட்சம் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் 000000-இல் தொடங்கி ஒவ்வொன்றாக யாரும் அடித்துப் பார்க்கப் போவதில்லை. மலிவான டிஜிட்டல் லாக்கர் ஒன்றின் கதவுக்குப் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கும். கைப்பிடியைத் திருப்பினால் இரண்டு தாழ்க்கம்பிகள் உள்ளே போக வேண்டும். அவற்றைப் போகவிடாமல் மறித்து நிற்பது சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு முளை. அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச்சுருள், அதாவது சோலனாய்டு. சரியான எண்ணை அடித்ததும் சுருளில் மின்சாரம் பாயும், முளை உள்ளிழுபடும், கைப்பிடி திரும்பும். பிறகு முளையைப் பழைய இடத்துக்குத் தள்ள ஒரு குட்டி ஸ்பிரிங். நாலு பென்சில் பேட்டரியின் சக்தியால் அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து இழுக்க வேண்டும் என்பதால், அதை வலுவாகப் போட முடியாது. பெட்டிக்கு எவ்வளவு தடிமனான கதவு போட்டாலும், கடைசியில் எல்லாம் அந்தக் குட்டி ஸ்பிரிங்கில் வந்து நிற்கிறது.

ஸ்பிரிங் மெல்லியதாக இருந்தால் பெட்டியைத் தட்டினாலே முளை துள்ளும். அது துள்ளுகிற கணத்தில் கைப்பிடியைத் திருப்பினால் கதவு திறக்கும். 2012-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் கூட்டத்தில் பூட்டு ஆய்வாளர் மார்க் வெபர் டோபியாஸும் அவருடைய குழுவும் வீட்டில் துப்பாக்கி வைக்கும் சிறிய பெட்டிகளை இப்படித் திறந்து காட்டினார்கள். சில மாடல்களைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டாலே போதும். வேறு சில மாடல்களில் வெளியே வலுவான காந்தத்தை நகர்த்தி முளையை இழுத்துவிடலாம். பெட்டியில் கீறல்கூட விழாது.

இன்னொன்று, அவசரச் சாவி. பேட்டரி செத்துப்போனால் திறப்பதற்காக ஸ்டிக்கருக்குப் பின்னாலோ சின்ன மூடிக்குப் பின்னாலோ ஒரு சாவித்துளை இருக்கும். பத்து லட்சம் காம்பினேஷனுக்குப் பக்கத்திலேயே சைக்கிள் பூட்டு தரத்தில் ஒன்று. வருகிறவன் எதை முயல்வான்?

கைரேகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது நம் வசதிக்கு. அதே சோலனாய்டுக்குத்தான் அதுவும் ஆணை கொடுக்கிறது.

கடைவீதி_கண்ணன்

இது மலிவுச் சரக்கின் கதை. விலை உயர்ந்த எலெக்ட்ரானிக் பூட்டு வாங்கினால்? வங்கியிலும் ஏடிஎம்மிலும் அதுதானே இருக்கிறது?

சாலிடர்_சுந்தர்

நல்ல பூட்டில் சோலனாய்டுக்குப் பதில் சின்ன மோட்டார் இருக்கும், கட்டுப்பாட்டுச் சில்லு கதவுக்கு உள்பக்கம் இருக்கும். தட்டினாலும் காந்தம் வைத்தாலும் மசியாது. ஆனால் அதற்கும் வேறு வகைச் சிக்கல் வந்திருக்கிறது.

2016 டெஃப்கானில் புளோர் என்ற புனைபெயர்க்காரர் இரண்டு பூட்டுகளை எடுத்துக்கொண்டார். இரண்டும் சார்ஜென்ட் அண்ட் கிரீன்லீஃப் தயாரிப்பு, அதாவது இந்தத் தொழிலில் பெரிய பெயர். பழைய 6120 மாடலில் பேட்டரி வெளியே கீபேடில் இருக்கிறது. அதனால் பூட்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை வெளியிலிருந்தே அளக்கலாம். நீங்கள் ஏதோ ஒரு தப்பு எண்ணை அடிக்கிறீர்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில்லு தன் நினைவகத்திலிருந்து சரியான எண்ணை வாசிக்கிறது. வாசிக்கும்போது ஒவ்வொரு இலக்கத்துக்கும் மின்னோட்டம் இம்மி ஏறி இறங்குகிறது. அந்த அலையைப் பார்த்தே எண்ணைப் படித்துவிட்டார். இரண்டாவது பூட்டு புதிய மாடல். அதில் ஒப்பிடுவதற்கு எடுக்கும் நேரத்தில் இருந்த நுண்ணிய வித்தியாசத்தைப் பிடித்தார். பலமுறை தப்பாக அடித்தால் பூட்டு சிறிது நேரம் முடங்க வேண்டும், அதையும் ஏமாற்றினார். துளையும் இல்லை, தடயமும் இல்லை.

இது நம் ஊர்த் திருடனுக்கு வருமா என்று கேட்பீர்கள். இப்போதைக்கு வராது. ஆனால் 2025-இல் வெளிவந்தது வேறு மாதிரி. செக்யூராம் நிறுவனத்தின் புரோலாஜிக் பூட்டுகள் அமெரிக்காவில் பல பிராண்டு சேஃப்களில் இருக்கின்றன. எண் மறந்துபோனால் பூட்டுத் தொழிலாளி திறந்து கொடுப்பதற்காக அதில் ஒரு மீட்பு வழி வைத்திருந்தார்கள். மார்க் ஓமோ, ஜேம்ஸ் ரௌலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த மீட்பு வழி எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தனியாக எந்தக் கருவியும் வேண்டாம், கீபேடே போதும். இன்னொரு முறையில் பேட்டரி அறைக்குள் இருக்கும் பரிசோதனை இணைப்பு வழியாக எண்ணையே உருவிக் காட்டினார்கள். ஏற்கெனவே விற்ற பூட்டுகளைச் சரிசெய்யப் போவதில்லை, புதிய தயாரிப்புகளில் திருத்துகிறோம் என்பது நிறுவனத்தின் பதில்.

போன் என்றால் இரவில் அப்டேட் வந்துவிடும். லாக்கருக்கு யார் அனுப்புவார்கள்?

மலர்_லண்டன்

சுந்தர் சொன்ன மீட்பு வழியைப் பற்றி ஒரு விஷயம். 2023-இல் அமெரிக்காவில் பெரிய ரகளை ஆனது. லிபர்ட்டி சேஃப் நிறுவனத்திடம் எஃப்பிஐ வாரண்டோடு போய் ஒரு வாடிக்கையாளருடைய பெட்டியின் எண்ணைக் கேட்டது, கொடுத்துவிட்டார்கள். வாரண்ட் இருந்தது சரி. வாங்கியவர்களுக்கு அதிர்ச்சி கொடுத்தது வேறு: நம் பெட்டிக்கு இன்னொரு எண் கம்பெனியிடம் இருக்கிறதா? எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், கேட்டால் அழித்துவிடுகிறோம் என்றார்கள். அடுத்த ஆண்டு செனட்டர் ரான் வைடன் இந்தத் தயாரிப்பாளர் எண்களைப் பற்றி மக்களை எச்சரிக்கச் சொல்லி அரசுக்குக் கடிதம் எழுதினார்.

கண்ணன் அண்ணா, எந்த எலெக்ட்ரானிக் பூட்டு வாங்கினாலும் "எண் மறந்தால் என்ன செய்வீர்கள்?" என்று விற்பவரிடம் கேளுங்கள். "ஒரு போன் போடுங்க சார், அஞ்சு நிமிஷத்தில் திறந்து தருகிறோம்" என்று பெருமையாகச் சொன்னால் வாங்காதீர்கள்.

திண்டுக்கல்_சாவி

நான் பூட்டுத் தொழில்தான். அப்பா மாங்காய்ப் பூட்டு செய்தவர், நான் சேஃப் திறக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். சாவி தொலைந்தது, எண் மறந்தது, பெரியவர் யாரிடமும் சொல்லாமல் இறந்துபோனார் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள்.

சுந்தர் தம்பி சொன்னதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் எல்லோரும் பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். திருடன் பூட்டைப் பார்ப்பதே இல்லை. கடப்பாரையைக் கதவிடுக்கில் விடுவான், இல்லாவிட்டால் பெட்டியைக் குப்புறத் தள்ளி முதுகில் கிரைண்டர் போடுவான். ஆன்லைனில் வருகிற பெட்டிகளின் முதுகுத் தகடு 2 மி.மீ. கட்டிங் வீலுக்கு அது ஒரு வேலையே இல்லை. அதனால் "எத்தனை இலக்கம்" என்று கேட்பதை விட்டுவிட்டு "எத்தனை நிமிடம்" என்று கேளுங்கள். உலகம் முழுக்கத் தரம் பார்க்கிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் யூஎல் என்ற அமைப்பு சோதிக்கிறது. டிஎல்-15 என்று முத்திரை இருந்தால், சோதனைக்காரர்கள் டிரில், சுத்தியல், கடப்பாரை எல்லாம் வைத்துக் கதவை 15 நிமிடம் தாக்கியும் திறக்க முடியவில்லை என்று அர்த்தம். டிஎல்-30-க்கு அரை மணி நேரம், கட்டிங் வீலும் பவர் ரம்பமும் சேர்த்து. டிஆர்டிஎல் என்றால் கேஸ் கட்டிங்கையும் தாங்க வேண்டும். இதில் ரசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சோதிப்பவர்கள் கையில் பெட்டியின் வரைபடம் இருக்கும், எங்கே துளைக்க வேண்டும் என்று முன்பே திட்டம் போட்டு வருவார்கள். கடிகாரம் ஓடுவது கருவி பெட்டியைத் தொடும் நேரத்தில் மட்டும்தான். பிட்டை மாற்றும்போது நிறுத்திவிடுவார்கள், மூச்சு வாங்கினாலும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே 15 நிமிடப் பெட்டியை ஊர்த் திருடன் இருட்டில் திறக்க வேண்டுமென்றால் அதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும். அதே அமைப்பு வீட்டுப் பெட்டிகளுக்குக் கொடுக்கும் அடிப்படை முத்திரைக்கு ஒரே ஆள், சாதாரணக் கருவிகள், 5 நிமிடம். அவ்வளவுதான் கேட்கிறார்கள். அதுகூட இல்லாத பெட்டிகளைத்தான் நம் ஆட்கள் அலமாரிக்குள் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இன்னொரு சூட்சுமம். டிஎல்-15, டிஎல்-30 இரண்டும் கதவுப் பக்கத்தைத்தான் சோதிக்கின்றன. பின்னால் "எக்ஸ்6" என்று சேர்ந்திருந்தால்தான் ஆறு பக்கமும் சோதித்ததாக அர்த்தம். நம் நாட்டில் சேஃபுக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர அமைப்பின் ஐஎஸ் 550, ஸ்ட்ராங் ரூம் கதவுக்கு ஐஎஸ் 11188. வாங்கும்போது முத்திரையைக் கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பில்லில் எழுதிக் கொடுப்பதெல்லாம் கணக்கில் வராது.

நல்ல பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், இரண்டு தகட்டுக்கு நடுவே டிரில் பிட்டையே தின்றுவிடும் கலவைக் கான்கிரீட். பூட்டுக்கு முன்னால் கடினத் தகடு, அதில் பிட் வழுக்கும். அதற்கும் பின்னால் சில பெட்டிகளில் ஒரு கண்ணாடிப் பலகை. எந்த வீரன் துளை போட்டாலும் கண்ணாடி நொறுங்கும், அதோடு கட்டியிருக்கிற கம்பி தளரும், ஸ்பிரிங் போட்ட தாழ்கள் இரண்டு மூன்று தனித்தனியாகப் பாய்ந்து மாட்டிக்கொள்ளும். அப்புறம் சரியான எண்ணைப் போட்டாலும் கதவு திறக்காது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கே வயிற்றைக் கலக்கும். ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆகிவிடும்.

கடைவீதி_கண்ணன்

அண்ணே, அப்போ எங்கள் தாத்தா பெட்டி? சாவி உள்ளங்கை நீளம், இரண்டு பக்கமும் பல். கதவு அவ்வளவு கனம்.

திண்டுக்கல்_சாவி

படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்தச் சாவி லீவர் பூட்டுக்கானது. பூட்டு நல்ல பூட்டாகவே இருக்கும், கம்பியை விட்டு நோண்டித் திறப்பவன் ஊருக்கு ஒருவன்கூட இருக்க மாட்டான். ஆனால் பழைய பெட்டிகளில் கனமெல்லாம் முன்னால்தான். முதுகில் மெல்லிய தகடு, நடுவே தீக்காக அடைத்த மணலோ சாம்பலோ. அது காலத்தில் இறங்கி மேலே வெற்றிடமாகவும் இருக்கும். முதுகில் தட்டிப் பாருங்கள். "டொம்" என்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. அந்தக் காலத் தகடு கேஸ் கட்டிங்கில் சாதாரண இரும்பாகத்தான் வெட்டுப்படும்.

இரண்டு சாவி யாரிடம் இருக்கிறது, மூன்றாவது எப்போதாவது இருந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

வெட்டிப்பேச்சு_வேலு

படத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்து டயலைச் சுற்றுகிறானே, அது நிஜமா புருடாவா?

திண்டுக்கல்_சாவி

பாதி நிஜம். காதைவிட விரலும் கண்ணும்தான் வேலை செய்யும். டயல் பூட்டுக்குள் மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. மூன்று வெட்டும் ஒரே நேர்கோட்டுக்கு வந்தால்தான் மேலே இருக்கும் லீவர் அதற்குள் விழும், தாழ் விலகும். சக்கரங்கள் துல்லியமாக ஒரே அளவில் இருக்காது. அதனால் லீவரின் மூக்கு, டயலோடு சேர்ந்து சுற்றும் தகட்டின் பள்ளத்தைத் தொடும் இடம் டயலில் அரைக்கோடு, கால்கோடு இடம் மாறும். அதைக் குறித்துக் குறித்து வரைபடம் போட்டால் எந்த எண்ணில் வெட்டு இருக்கிறது என்று தெரியும். பல மணி நேர வேலை. நல்ல பூட்டில் இதைத் தடுக்கவே தனி அமைப்பு உண்டு. யூஎல் தரத்தில் குரூப் 2எம் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும், குரூப் 1 இருபது மணி நேரம். வெறும் குரூப் 2-க்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சந்தையில் அதிகம் இருப்பது அதுதான்.

இருந்தாலும் ஒன்று சொல்வேன். டயல் பூட்டில் பேட்டரி இல்லை, சில்லு இல்லை, கம்பெனியிடம் இன்னொரு எண் இல்லை. என்னைக் கேட்டால் டயல்தான்.

சாலிடர்_சுந்தர்

அண்ணே, அங்கே ஒத்துப்போக மாட்டேன். 100 கோடு, மூன்று சக்கரம், பத்து லட்சம் என்று டயலுக்கும் அதே பழைய பல்லவிதான். பூட்டு துல்லியமாக இல்லாததால் உங்கள் எண்ணுக்கு ஒன்றிரண்டு கோடு முன்பின் நின்றாலும் திறந்துவிடும். லாஸ் அலமாஸில் அணுகுண்டு வேலை நடந்தபோது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் சக விஞ்ஞானிகளின் அலமாரிகளைத் திறந்தது இப்படித்தான். திறந்து கிடக்கும் அலமாரியில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கடைசி இரண்டு எண்ணைத் தடவிப் பார்த்துவிடுவார், முதல் எண்ணுக்கு இருபது முறை முயன்றால் போதும். சிலர் கம்பெனி வைத்து அனுப்பிய எண்ணை மாற்றவே இல்லை, அதற்கு அந்தச் சிரமமும் தேவைப்படவில்லை.

2017-இல் இன்னும் வேடிக்கை. ஸ்பார்க்ஃபன் என்ற எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் நேதன் சீடில் ஒரு மோட்டாரும் சில்லும் வைத்துச் செய்த சின்ன ரோபோ, டெஃப்கான் மேடையிலேயே ஒரு சென்ட்ரிசேஃப் டயல் பெட்டியைச் சுமார் அரை மணி நேரத்தில் திறந்தது. அந்த மாடலில் மூன்றாவது சக்கரத்தில் 12 பள்ளங்கள், உண்மையான பள்ளத்தின் அகலம் மட்டும் கொஞ்சம் வேறு. ரோபோ அதை முதலிலேயே அளந்துவிட்டது. மற்ற இரண்டு சக்கரத்திலும் முன்பின் சலுகை இருப்பதால் ஒவ்வொன்றிலும் 33 எண்ணைப் பார்த்தால் போதும். பத்து லட்சம் சுமார் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது.

திண்டுக்கல்_சாவி

அது வீட்டுத் தீப்பெட்டி மாடல் தம்பி (தீ தாங்கும் பெட்டியைச் சொல்கிறேன்). குரூப் 1 பூட்டில் அந்த ரோபோவை மாட்டிவிட்டுக் காத்திருங்கள், பார்ப்போம். மட்டமான டயலும் மட்டமான டிஜிட்டலும் ஒன்றுதான், அதில் நமக்குள் சண்டையில்லை. நல்லதும் நல்லதும் வைத்தால் நான் டயலை எடுப்பேன், நீங்கள் எடுக்க மாட்டீர்கள். விடுங்கள்.

ஓய்வுபெற்ற_காசாளர்

இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன். பணிக்காலம் முழுக்க ஸ்ட்ராங் ரூம் சாவியோடு வாழ்ந்தவன் என்பதால் சிலது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

வங்கியில் பணப்பெட்டியை எந்தத் தனி ஆளும் திறக்க முடியாது. இரண்டு அதிகாரிகள், இரண்டு சாவி. ஒருவர் விடுப்பில் போனால் சாவியை எழுத்து மூலம் கைமாற்ற வேண்டும். மாற்றுச் சாவி செட் அந்தக் கிளையிலேயே இருக்காது. சீல் வைத்த உறையில் வேறு கிளையிலோ வேறு வங்கியிலோ இருக்கும். பெரிய பெட்டகங்களில் நேரப்பூட்டும் உண்டு. 1873-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சார்ஜென்ட் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். மாலையில் இத்தனை மணி நேரம் என்று முடுக்கிவிட்டால் அதற்கு முன்னால் மேலாளரே வந்தாலும் திறக்காது. அந்தக் காலத்தில் மேலாளரை வீட்டிலிருந்து தூக்கிவந்து கழுத்தில் கத்தி வைத்துத் திறக்கச் சொன்னார்கள், அதற்காக வந்ததுதான் அது. உள்ளே ஒன்றுக்கு மூன்று கடிகாரம் வைப்பார்கள். இரண்டு நின்றுபோனாலும் மூன்றாவது திறந்துவிடும்.

இவ்வளவு செய்தும் திருட்டு நடக்கிறது. எப்படி என்று பாருங்கள். 2007 டிசம்பரில் மலப்புரம் மாவட்டம் சேலேம்பிராவில் கிராமிய வங்கியில் 80 கிலோ நகை, 50 லட்சம் ரொக்கம் போனது. வங்கி மாடியில் இருந்தது. திருடர்கள் கீழ்த்தளத்தை உணவகம் நடத்துவதாகச் சொல்லி வாடகைக்கு எடுத்தார்கள். மராமத்து நடக்கிறது என்று போர்டு, உள்ளே கூரையைக் குடைந்து நேராக ஸ்ட்ராங் ரூம் தரை வழியாக ஏறினார்கள். ஸ்ட்ராங் ரூம் கதவை அவர்கள் தொடவே இல்லை. 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னைக்கு ரிசர்வ் வங்கிக்காக 342 கோடி பழைய நோட்டு ரயிலில் வந்தது. பெட்டியின் கூரையில் ஓட்டை போட்டு 5.78 கோடியை எடுத்துப் போனார்கள். பூட்டும் சீலும் அப்படியே இருந்தன. 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து நகைக்கடையிலும் 2021 டிசம்பரில் வேலூரிலும் சுவரில்தான் துளை.

அரும்பாக்கம் கதை இன்னும் மோசம். 2022 ஆகஸ்டில் நகைக்கடன் நிறுவனம் ஒன்றில் சுமார் 32 கிலோ தங்கம் கொள்ளை போனது. முக்கியக் குற்றவாளி என்று போலீஸ் பிடித்தது அதே நிறுவனத்தின் ஊழியரை. காவலாளிக்கு மயக்க மருந்து கலந்த குளிர்பானம். அங்கே எந்த முத்திரை போட்ட பெட்டி என்ன செய்யும்?

கண்ணன், உங்கள் மகன் ஆப் வேண்டும் என்கிறார். கடையில் வேலை பார்த்து விலகிப்போன பையன்களின் போனில் அந்த ஆப் இருக்குமா என்று கேளுங்கள்.

மலர்_லண்டன்

சார் சொன்ன சேலேம்பிராவுக்கு இங்கே அண்ணன் தம்பி ஒன்று உண்டு. ஹாட்டன் கார்டன், 2015 ஈஸ்டர் விடுமுறை. நகை வியாபாரிகளின் பாதுகாப்புப் பெட்டகம், அரை மீட்டர் கான்கிரீட் சுவர். கொள்ளைக்காரர்களின் தலைவர்களில் ஒருவருக்கு வயது 76. வைர டிரில்லை வைத்து ஒன்றோடொன்று ஒட்டி மூன்று துளை, மொத்தம் 25 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம். அதற்குள் நுழையக்கூடிய ஒல்லியானவர்கள் உள்ளே போனார்கள். 73 பெட்டி காலி. எனக்கு இதில் ஆச்சரியம் துளையில் இல்லை. முதல் இரவே அலாரம் அடித்தது. காவலர் வந்து வெளிக்கதவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், போலீஸ் வரவே இல்லை. உள்ளே அலமாரியைத் தள்ளும் கருவி பழுதாகி, திருடர்கள் வீட்டுக்குப் போய்ப் புதுக் கருவியோடு திரும்பி வந்து முடித்தார்கள். நிமிடக் கணக்கில் மதிப்பிட்ட பெட்டிக்கு நாள்கணக்கில் நேரம் கொடுத்தால் எது தாங்கும்?

அதனால்தான் இங்கே காப்பீட்டுக்காரர்கள் பெட்டியின் தரத்தை வைத்தே வரம்பு போடுகிறார்கள். ஐரோப்பியத் தரம் இஎன் 1143-1. கிரேடு 0 என்றால் 6,000 பவுண்டு ரொக்கம், கிரேடு 1-க்கு 10,000, கிரேடு 3-க்கு 35,000. நகை என்றால் வழக்கமாக அதில் பத்து மடங்கு. அதற்கு மேல் அலாரமும் கேட்பார்கள். அத்தோடு ஆயிரம் கிலோவுக்குக் குறைவான பெட்டியைத் தரையில் பதித்தே ஆக வேண்டும் என்பார்கள்.

கடைவீதி_கண்ணன்

தீ? அடகுச் சீட்டு, பத்திரம் எல்லாம் அதே பெட்டியில்தான்.

சாலிடர்_சுந்தர்

சுருக்கமாகச் சொல்கிறேன். தீ தாங்கும் பெட்டியும் திருடு தாங்கும் பெட்டியும் வேறு வேறு. காகிதத்துக்கான தரத்தில், வெளியே தீ எரிந்தாலும் உள்ளே 177 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க்குக்கு அது போதாது, அவற்றுக்கான தரம் 52 டிகிரி. தீயைத் தாங்கும் கலவை சூட்டில் தன் ஈரத்தை நீராவியாக விடும், வெப்பம் அதில் போகும். ஆகவே பத்திரம் எரியாமல் ஈரமாக வெளியே வரும். வெளித்தகடு மெல்லியதாக இருந்தால் தங்கம் வைக்காதீர்கள்.

பொன்னி_87

வீட்டு நகைக்கு வங்கி லாக்கர் போதாதா? இவ்வளவு கவலை எதற்கு?

ஓய்வுபெற்ற_காசாளர்

வீட்டு நகைக்குப் போதும் அம்மா. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் விதிப்படி, 2022 ஜனவரியிலிருந்து தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். உள்ளே 40 பவுன் இருந்தாலும் அதேதான். வெள்ளம், நிலநடுக்கத்துக்கு அந்தப் பொறுப்பும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நகைக்குத் தனியாகக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள், பில்லையும் படத்தையும் லாக்கருக்கு வெளியே வையுங்கள்.

கடைவீதி_கண்ணன்

எல்லோருக்கும் நன்றி. மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தேன், ஆப் யோசனையைக் கைவிட்டான். முத்திரையுள்ள பெட்டி ஒன்றும் மோட்டார் வைத்த பூட்டும் பார்க்கலாம் என்கிறான், நான் டயல் என்கிறேன். அது எங்கள் வீட்டுச் சண்டை. தாத்தா பெட்டியின் முதுகைத் தட்டினேன் அண்ணே, மேல்பாதி "டொம்" என்றுதான் கேட்கிறது. முதுகு ஒட்டியிருக்கும் சுவர் பக்கத்துக் கடைக்கும் பொது. அந்தக் கடை நாலு மாதமாகக் காலி.

திண்டுக்கல்_சாவி

ஒற்றைச் செங்கல் சுவரா, ஒன்றரையா என்று பாருங்கள். எதுவானாலும் புதுப்பெட்டி வரும்வரை காத்திருக்காமல் பழையதை இந்த வாரமே எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். அந்தப் பக்கம் உங்கள் சொந்த அறையோ தெருவோ இருக்க வேண்டும். முதுகுக்கும் சுவருக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, அங்கே அதிர்வு சென்சார் ஒன்றை ஒட்டிக் கடை அலாரத்தோடு இணைத்துவிடுங்கள். அதற்குச் செலவு அதிகமில்லை.

தூக்க நினைக்காதீர்கள். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, ஜாக்கி வைத்து ஒரு பக்கம் இரண்டு அங்குலம் உயர்த்தி, முக்கால் அங்குல ஜிஐ பைப் மூன்றை அடியில் உருட்டிவிடுங்கள். இரண்டு பேர் தள்ளினால் நகரும். மூன்றாவது ஆள் பின்னால் வெளிவருகிற பைப்பை எடுத்து முன்னால் போட வேண்டும், விரல் பத்திரம். தரை மொசைக் என்றால் பலகை விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பைப் தடம் விழும். புதுப்பெட்டி வந்ததும் உள்ளிருந்து நாலு ஆங்கர் போல்ட் போட்டு கான்கிரீட்டில் இறக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் மேலேயே போல்ட் போட்டுவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.